கண்ணருகே ஆறு மில்லிமீட்டர்: வாசகர் கேள்வி – பதில்

கோள்களைப் பார்க்க எந்த ஐபீஸ் நல்லது என்ற கேள்வி இந்த முறை பல கடிதங்களில் பல உருவத்தில் வந்திருக்கிறது. அதனால் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டோம். தொலைநோக்கியில் நாம் கண் வைத்துப் பார்க்கும் பகுதியை, பாடப்புத்தகம் கண்ணருகு வில்லை என்று சொல்வதைத்தான் ஐபீஸ் என்கிறோம். கடையிலும் அந்தப் பெயரில்தான் கிடைக்கும்.

கேள்வி: எட்டு அங்குல டாப்சோனியன் (கையால் தள்ளித் திருப்பும் கண்ணாடித் தொலைநோக்கி) வைத்திருக்கிறேன். குவியத் தொலைவு 1200 மி.மீ. அதோடு வந்தவை 25, 10 மி.மீ. பிளோசல் வகை ஐபீஸ்கள். வியாழனில் இரண்டு பட்டைகள் தெரிகின்றன. பெரிய சிவப்புப் புள்ளி இதுவரை கண்ணில் படவே இல்லை. ஆர்த்தோ வகை வாங்கு என்கிறார் ஒரு நண்பர். அகலப் புலம் உள்ளதாக (ஒரே பார்வையில் அதிக வானம் தெரிவதாக) வாங்கு என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: ஐபீஸின் வகையைப் பற்றிப் பேசுமுன் அதன் எண்ணை, அதாவது மி.மீ.-இல் அதன் குவியத் தொலைவை, முடிவு செய்துகொள்ளுங்கள். 1200-ஐ ஐபீஸின் எண்ணால் வகுத்தால் உருப்பெருக்கம் வரும்: 25 மி.மீ. என்றால் 48 மடங்கு, 10 மி.மீ. என்றால் 120 மடங்கு. ஐபீஸின் எண்ணை உங்கள் தொலைநோக்கியின் குவிய விகிதமான 6-ஆல் (குவியத் தொலைவை விட்டத்தால் வகுத்தது; எஃப்/6 என்று எழுதுவார்கள்) வகுத்தால், ஐபீஸிலிருந்து வெளிவந்து கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் அகலம் வரும். கோள் பார்ப்பதில் இந்த இரண்டாவது கணக்குக்குத்தான் மதிப்பு அதிகம். 10 மி.மீ. ஐபீஸில் கற்றை 1.7 மி.மீ. அகலம். எட்டு அங்குலக் கண்ணாடி சேர்த்துத் தரும் வியாழனின் வெளிச்சம் அந்த அகலத்தில் வந்தால் கண் கூசும். பட்டைகளுக்குள் இருக்கும் பழுப்பு, சாம்பல், நீல வேறுபாடெல்லாம் அந்தக் கூச்சத்தில் அடிபட்டுப் போகும். கற்றை 1 மி.மீ.-க்கு அருகில் வரும்போது வெளிச்சமும் அளவும் சமப்பட்டு நுட்பங்கள் தலைகாட்டும். உங்களுக்கு அது 6 மி.மீ. ஐபீஸ், 200 மடங்கு. முதலில் வாங்க வேண்டியது இதுதான். காற்று அசையாத இரவுகளுக்கு 5 மி.மீ. (240 மடங்கு) பிறகு வரலாம். 4 மி.மீ. (300 மடங்கு) சந்திரனுக்கும் இரட்டை விண்மீன்களுக்கும் ஒத்துவரும். வியாழன் அந்த அளவில் பெரும்பாலான இரவுகளில் வெளிறிப்போகும்; நிற வேறுபாடு மென்மையாக உள்ள கோள் அது.

இனி வகைக்கு வருவோம். ஆர்த்தோ, எர்ன்ஸ்ட் அபே 1880-இல் ஜெர்மனியின் யேனாவில் வகுத்தது: மூன்று லென்ஸ்களை ஒட்டிய ஒரு கட்டு, கண் பக்கம் ஓர் ஒற்றை லென்ஸ். பிளோசல், அதற்கு 20 ஆண்டு முன் வியன்னாவில் ஜார்ஜ் சைமன் பிளோசல் செய்தது: இரண்டிரண்டு லென்ஸ்களை ஒட்டிய இரு கட்டுகள். இரண்டிலும் காற்றைத் தொடும் பரப்புகள் நான்குதான். ஆர்த்தோவின் பார்வைப் புலம் 40 முதல் 45 பாகை, பிளோசலுடையது 50 பாகையைச் சற்றுத் தாண்டும். நன்றாகச் செய்த ஆர்த்தோவையும் நன்றாகச் செய்த பிளோசலையும் மாற்றி மாற்றிப் போட்டால், புலத்தின் நடுவில் உள்ள வியாழனில் வித்தியாசம் கண்டுபிடிப்பது பழகிய கண்ணுக்கே கடினம். ஆர்த்தோவுக்குக் கோள் ஐபீஸ் என்ற பெயர் வந்ததற்கு, அதைச் செய்தவர்கள் மெருகிலும் பூச்சிலும் கறாராக இருந்ததும் ஒரு காரணம். உங்களிடம் உள்ள 10 மி.மீ. பிளோசல் பெட்டியோடு இலவசமாக வந்தது. அதை வைத்துப் பிளோசல் இனத்தையே எடைபோட வேண்டாம்.

அகலப் புல ஐபீஸ்கள் வேறு குடும்பம். ஆல் நாக்லர் வடிவமைத்த டெலிவியூ நாக்லர் 82 பாகை. பெண்டாக்ஸ் எக்ஸ்டபிள்யூ 70 பாகை. இவற்றில் ஆறு முதல் எட்டு லென்ஸ்கள் இருக்கும். லென்ஸ் கூடினால் படம் மங்கும் என்பது பூச்சில்லாத காலத்துப் பேச்சு. பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். நல்ல பல்லடுக்குப் பூச்சு அதை அரை சதவீத அளவுக்குக் குறைத்துவிடும். எட்டுப் பரப்பு இருந்தாலும் மொத்த இழப்பு 4 சதவீதத்தைச் சுற்றித்தான். வியாழனில் ஒளிக்கா பஞ்சம்? கவலைப்பட வேண்டியது, கோளை விட்டு விலகிப் புலம் முழுக்கத் தூவப்படும் ஒளியைப் பற்றி. மெருகு குறைந்த பரப்பு, கறுப்படிக்காத லென்ஸ் விளிம்பு, பளபளக்கும் உட்குழாய் ஆகியவைதான் அதைச் செய்கின்றன. வியாழனின் நிலவான கானிமீட் அதன் முன்னால் கடக்கும் ஒரு நாளில், கோள்மேல் விழும் நிலவின் நிழலைப் பாருங்கள். நல்ல ஐபீஸில் அது மைத்துளி வைத்ததுபோல் கரேலென்று இருக்கும். ஒளி சிதறும் ஐபீஸில் அதே நிழல் காப்பிக்கறைபோல் பழுப்பேறித் தெரியும். கோள் ஐபீஸின் தரத்துக்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

உங்கள் விஷயத்தில் நாங்கள் அகலத்தின் பக்கம் சாய்வதற்குக் காரணம், டாப்சோனியனைக் கையால் தள்ள வேண்டியிருப்பது. வானம் நிமிடத்துக்கு 15 கலை (ஒரு பாகையில் 60 கலை) நகர்கிறது. 200 மடங்கில் 42 பாகை ஆர்த்தோவின் உண்மைப் புலம், அதாவது வானில் அது காட்டும் அகலம், 12.6 கலை; வியாழன் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு 50 விநாடியில் போய்விடும். 82 பாகை ஐபீஸில் அதற்குச் சுமார் 98 விநாடி. ஒவ்வொரு முறை தள்ளியபிறகும் குழாயின் அதிர்வு அடங்க இரண்டு மூன்று விநாடி ஆகும். நுட்பம் தெரிவதோ காற்று ஒரு கணம் நிலைக்கும்போது மட்டும். அந்தக் கணம் வரும்போது கோள் புலத்துக்குள் நிம்மதியாக இருக்க வேண்டும். எனவே 58 முதல் 70 பாகைப் புலம், கண்ணைக் குறைந்தது 12 மி.மீ. தள்ளி வைக்க இடம், 6 மி.மீ. எண், இந்த மூன்றும் சேர்ந்த ஒன்றைத் தேடுங்கள். தானாகச் சுழன்று தொடரும் தாங்கி இருந்தால், நடுவில் நிற்கும் கோளுக்கு அகலம் தேவையில்லை. அப்போது ஆர்த்தோவைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்போம்.

சிவப்புப் புள்ளி தெரியாததற்கு ஐபீஸைக் குற்றம் சொல்ல முடியாது. வியாழன் 9 மணி 56 நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. புள்ளி நம் பக்கம் நடுவில் வரும் நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம்தான் அதைப் பார்க்க வசதி. இன்று இரவு 8 மணிக்கு நடுவில் இருந்தால், நாளை மறுநாள் இரவு ஏறக்குறைய 9.38-க்கு மறுபடி நடுவில் வரும். கைப்பேசிச் செயலிகள் இந்த நேரத்தைக் கணித்துத் தருகின்றன. நேரம் பார்த்துத் திருப்பினால் உங்கள் 10 மி.மீ. பிளோசலிலேயே தெரியும். தேட வேண்டிய நிறம் வெளிர் ஆரஞ்சு. அடர் சிவப்பை எதிர்பார்ப்பவர்கள் கண்ணெதிரே இருப்பதையே தவறவிடுகிறார்கள்.

இன்னும் இரண்டு. தொலைநோக்கியை வெளியே வைத்து முக்கால் மணி நேரமாவது கழித்துப் பாருங்கள். அறையின் சூட்டோடு இருக்கும் கண்ணாடிமேல் காற்று அலையடிக்கும். கண்ணாடிகளின் நேர்ப்பாட்டை ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். இந்த இரண்டும் தவறினால் எந்த விலை ஐபீஸும் உதவாது.

கேள்வி: மகளுக்கு 60 மி.மீ. லென்ஸ், 700 மி.மீ. குவியத் தொலைவு உள்ள தொலைநோக்கி வாங்கினோம். எச்20, எச்12.5, எஸ்ஆர்4 என்று மூன்று ஐபீஸ்கள், ஒரு 3 மடங்கு பார்லோ (ஐபீஸுக்கு முன்னால் செருகி உருப்பெருக்கத்தைக் கூட்டும் லென்ஸ்). பெட்டியில் 525 மடங்கு என்று போட்டிருக்கிறது. 4 மி.மீ. போட்டால் சனி வெறும் மங்கல் உருண்டை.
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: 700-ஐ 4-ஆல் வகுத்து 3-ஆல் பெருக்கினால் 525. கணக்கு சரி, ஆனால் 60 மி.மீ. லென்ஸால் அவ்வளவு தாங்க முடியாது. விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கு என்பது மேல்வரம்பு, உங்களுக்கு 120. அதற்கு மேல் பெரிதாகும், தெளிவாகாது. எஸ்ஆர்4 தனியாகவே 175 மடங்கு. அதில் ஒளிக்கற்றை 0.34 மி.மீ.-க்குச் சுருங்கிவிடுகிறது. பார்லோவும் சேர்ந்தால் 0.11. அப்படி ஊசி முனையாய் வரும் ஒளியில் சொந்தக் கண்ணுக்குள் மிதக்கும் நூல்களும் புள்ளிகளும்தான் கோளைவிடத் தெளிவாகத் தெரியும்.

எழுத்துகளின் பொருள்: எச் என்பது 17-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் செய்த இரண்டு லென்ஸ் வடிவம். எஸ்ஆர் என்பது ராம்ஸ்டன் வடிவம். நீளமான தொலைநோக்கிகளுக்காகப் பிறந்தவை. உங்களுடையது எஃப்/11.7 என்பதால் எச்20 மோசமில்லை. 35 மடங்கில் சந்திரனை முழுதாகக் காட்டும். அதை வைத்துக்கொள்ளுங்கள். எஸ்ஆர்4-ஐயும் பார்லோவையும் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.

ஐபீஸ் குழலின் வெளி விட்டத்தை அளந்து பாருங்கள். 24.5 மி.மீ. என்றால் பழைய அளவு. இன்றைய நல்ல ஐபீஸ்கள் 31.7 மி.மீ. முன்பக்கம் 24.5, பின்பக்கம் 31.7 உள்ள கலப்பு டயகனல் (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பி ஐபீஸுக்கு அனுப்பும் கண்ணாடிப் பகுதி) ஒன்று வாங்கினால் இரண்டு குறைகள் ஒரேயடியாகத் தீரும், ஏனென்றால் இந்தப் பெட்டிகளில் வரும் பிளாஸ்டிக் டயகனலின் கண்ணாடி பெரும்பாலும் நேராக இருப்பதில்லை. அதில் 10 மி.மீ. பிளோசல் போட்டால் 70 மடங்கு: சனியின் வளையம் உருண்டையை விட்டுப் பிரிந்து நிற்கும். வளையம் இன்னும் அகலமாக இருக்கும் என்று மகள் எதிர்பார்த்தால் சொல்லுங்கள்: 2025 மார்ச்சில் அது நமக்கு விளிம்பு காட்டித் திரும்பியது, இனி ஆண்டுக்காண்டு விரிந்துகொண்டே போகும்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பெட்டிகள் சிலவற்றில் ஐபீஸின் அடியில் திருகும் கறுப்புச் சூரிய வடிகட்டி ஒன்று இருக்கும். குவிந்த வெயிலில் அது எந்த நொடியும் வெடிக்கும். வெடித்தால் பார்வை போய்விடும். இன்றே அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள்.

கேள்வி: மூக்குக் கண்ணாடி அணிபவன். 5 மி.மீ. பிளோசலில் இமை முடி லென்ஸில் உரசுகிறது, பத்து நிமிடத்தில் லென்ஸ் பிசுபிசுத்து மங்குகிறது.
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: பிளோசலில் கண்ணுக்குக் கிடைக்கும் இடைவெளி அதன் எண்ணில் ஏறத்தாழ முக்கால் பங்கு. 5 மி.மீ. என்றால் 4 மி.மீ.-கூட இல்லை. ஆர்த்தோவில் எண்பது சதவீதம், அதுவும் போதாது. கண்ணாடி போட்டபடி பார்க்க 15 முதல் 20 மி.மீ. வேண்டும்.

ஆனால் கண்ணாடி தேவையா என்று முதலில் பாருங்கள். கிட்டப்பார்வை, தூரப்பார்வை இரண்டையும் ஃபோக்கசரை (ஐபீஸை முன்னும் பின்னும் நகர்த்தும் திருகை) திருப்பியே சரிசெய்துகொள்ளலாம். ஃபோக்கசரால் தீராதது சிலிண்டர் பவர் மட்டும். அதுகூடக் கண்மணியின் முழு அகலத்தில்தான் தொல்லை தரும். கோள் பார்க்கும்போது 1 மி.மீ.-க்கும் குறைந்த கற்றைதான் உள்ளே போகிறது, அந்தச் சின்ன வட்டத்தில் சிலிண்டரின் கோணல் அநேகமாகத் தெரியாது. கழற்றிவிட்டு 200 மடங்கில் ஒரு விண்மீனைப் பாருங்கள். புள்ளியாக இருந்தால் கண்ணாடி சட்டைப்பையில் இருக்கட்டும்.

கழற்ற முடியாதவர்களுக்கு விக்சன் எஸ்எல்வி, டெலிவியூ டெலைட் வரிசைகள் எல்லா எண்ணிலும் 20 மி.மீ. இடைவெளி தருகின்றன. கண்ணாடியைக் கழற்ற முடிந்தவர்கள், செலவு குறைய வேண்டுமென்றால், 12 மி.மீ. பிளோசலை 2 மடங்கு பார்லோவில் போடுங்கள்: 6 மி.மீ.-இன் வேலை, 12 மி.மீ.-இன் தாராளம். கோள் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கிறது. கண் வலித்தால் எழுந்து போய்விடுவோம். அதனால் இந்த இடைவெளியைச் சொகுசுக் கணக்கில் சேர்க்காதீர்கள். கூர்மையைப்போல அதுவும் ஐபீஸின் தரம்தான்.

கேள்வி: பார்லோ போட்டால் தரம் குறையும் என்கிறார்களே?
– ஒரு வாசகர், கோவை

பதில்: மலிவான ஒற்றை லென்ஸ் பார்லோவில் குறையும், ஓரங்களில் நிறம் பிரியும். இரண்டு அல்லது மூன்று லென்ஸ் கட்டாக, பூச்சோடு வரும் பார்லோவில் குறையாது. எஃப்/6 தொலைநோக்கியில் எளிய ஐபீஸ்களுக்கு நன்மையே அதிகம்: எஃப்/6 கூம்பு எஃப்/12 ஆகி ஐபீஸுக்குள் நுழைகிறது, செங்குத்தான கூம்பில் ஓரத்தில் தடுமாறும் பிளோசல் அந்தச் சாய்வில் சீராக வேலை செய்கிறது. நாக்லர் போன்றவற்றின் முன்பக்கம் உள்ள குழி லென்ஸ் கட்டும் ஏறத்தாழ உள்ளேயே அமைந்த பார்லோதான்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பார்லோவின் மடங்கு நிலையானதல்ல. பார்லோ லென்ஸிலிருந்து படம் விழும் தூரத்தைப் பொறுத்தது. பார்லோவின் குவியத் தொலைவு 100 மி.மீ. என்றால் படம் 100 மி.மீ. தள்ளி விழும்போது 2 மடங்கு. இடையில் ஒரு டயகனலைச் செருகினால் ஒளிப்பாதை ஏறக்குறைய 70 மி.மீ. நீளும், மடங்கு 2.7 ஆகிவிடும். படம் திடீரென்று மங்கி ஆடினால் பார்லோவைப் பழிக்குமுன் அதை எங்கே செருகினீர்கள் என்று பாருங்கள். டயகனலுக்கும் ஐபீஸுக்கும் நடுவில் வைப்பதே முறை.

கேள்வி: பழைய ஐபீஸ் ஒன்று விலைக்கு வருகிறது. கையில் வாங்கிப் பார்த்துத் தரத்தைத் தெரிந்துகொள்ள வழி உண்டா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: பாதியைப் பகலிலேயே தெரிந்துகொள்ளலாம். ட்யூப்லைட்டுக்குக் கீழே ஐபீஸைச் சாய்த்துப் பிடியுங்கள். லென்ஸுக்குள் விளக்கின் பிம்பங்கள் பல தெரியும், ஒரு பரப்புக்கு ஒன்று. மங்கலான பச்சை, ஊதா என்றால் பல்லடுக்குப் பூச்சு. நீலச்சாயல் என்றால் ஓரடுக்கு. நடுவே ஒன்று மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் அந்தப் பரப்பில் பூச்சே இல்லை. வெளி லென்ஸுக்கு மட்டும் பூசிவிட்டுப் பூச்சுள்ளது என்று விற்பது பழக்கம்தான். அடுத்து, குழல் பக்கமிருந்து சாய்த்துப் பாருங்கள். உட்சுவர் கறுப்பாக, மினுங்காமல் இருக்க வேண்டும். லென்ஸைச் சுற்றி வெள்ளி வளையம்போல் மினுங்கினால் விளிம்புக்குக் கறுப்படிக்கவில்லை. வெள்ளைச் சுவரை நோக்கி ஐபீஸ் வழியே பார்த்தால் புலத்தின் வட்ட விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்க வேண்டும்.

மீதி இரவில். வியாழனைப் புலத்துக்குச் சற்று வெளியே தள்ளி வையுங்கள். வானம் கறுத்தே இருந்தால் நல்லது; விளிம்பிலிருந்து பால்போல் ஒளி உள்ளே வழிந்தால் சிதறல். கோளை நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தும்போது மங்கலான இன்னொரு வியாழன் எதிர்ப்பக்கம் நகர்ந்தால் அது உள்பிரதிபலிப்பு. ஏதோ குறை தெரிகிறது, யாருடையது என்று புரியவில்லையா? ஐபீஸை அதன் இடத்திலேயே சுழற்றுங்கள். குறையும் கூடவே சுழன்றால் ஐபீஸுடையது. சுழலாவிட்டால் உங்கள் தலையைச் சாயுங்கள். குறையும் சாய்ந்தால் கண்ணுடையது. எதற்கும் அசையாமல் நின்றால் தொலைநோக்கியையோ வானத்தையோ கேளுங்கள்.

கேள்வி: நல்ல ஐபீஸ்தான். ஆனால் மாலையில் வியாழனின் ஒரு ஓரம் சிவப்பு, எதிர் ஓரம் நீலம்.
– ஒரு வாசகர், இராமநாதபுரம்

பதில்: கோள் அடிவானத்துக்கு அருகில் இருக்கும்போது பார்த்திருப்பீர்கள். காற்று மண்டலமே ஒரு முப்பட்டகமாகி நீலத்தைச் சிவப்பைவிடக் கொஞ்சம் மேலே தூக்கிவிடுகிறது. காத்திருப்பதே மருந்து. நம் ஊர் அட்சரேகையில் எந்தக் கோளும் உச்சியைக் கடக்கும்போது 50 பாகைக்குக் கீழே இருப்பதில்லை. பிரிட்டனில் இருப்பவர்களுக்குச் சில ஆண்டுகளில் வியாழன் 15, 20 பாகைதான் ஏறும். அந்தக் கலங்கலை விலக்கவே தனிக் கருவி வாங்குகிறார்கள். நமக்கு அது இலவசம். இரண்டு மூன்று மணி நேரம் பொறுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஜூம் ஐபீஸ் ஒன்று போதாதா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பரவலாகக் கிடைக்கும் 8–24 மி.மீ. ஜூம் எட்டு அங்குல எஃப்/6-இல் 150 மடங்கோடு நின்றுவிடும். 24-இல் புலமும் 40 பாகைக்குச் சுருங்கும். கோளுக்கென்றால் குறைந்த எண் ஜூம் வேண்டும். டெலிவியூவின் 3–6 மி.மீ. ஜூம் முழு வீச்சிலும் 50 பாகை, 10 மி.மீ. கண் இடைவெளி தருகிறது. காற்றின் நிலைக்கு ஏற்ப வளையத்தைத் திருப்பி, படம் உடையும் இடத்துக்கு ஒரு படி முன்னால் நிறுத்திக்கொள்ளலாம். தனி ஐபீஸ்கள் மூன்றின் வேலையை இது செய்யும்.

கேள்வி: கடலோரத்தில் வீடு. லென்ஸுக்குள் சிலந்தி நூல்போல் ஏதோ படர்கிறது.
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: பூஞ்சை. வெளிப்பரப்பில் என்றால் நீக்கலாம்: முதலில் ரப்பர்ப் பந்து ஊதியால் தூசியை ஊதி, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் நடுவிலிருந்து வெளியே சுழற்றி, அழுத்தாமல் துடையுங்கள். திரவத்தைப் பஞ்சில் விடுங்கள், லென்ஸ்மேல் சொட்டாதீர்கள். விளிம்பு வழியே உள்ளே இறங்கிவிடும். புடவைத் தலைப்பும் கைக்குட்டையும் பூச்சைக் கீறும். ஒட்டிய கட்டுக்குள் பூஞ்சை போயிருந்தால் பிரிக்காதீர்கள், திரும்பச் சேர்க்க முடியாது.

வராமல் தடுப்பது எளிது. பார்த்து முடித்ததும் மூடியைப் போட்டுவிடாதீர்கள்; ஈரம் உள்ளேயே சிறைப்படும். அறையில் திறந்தபடி ஒரு மணி நேரம் காயவிட்டு, பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீலநிற மணி இளஞ்சிவப்பானால் இரும்பு வாணலியில் மெல்லிய தீயில் வறுத்து, நீலம் திரும்பியதும் ஆறவிட்டு மறுபடி போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்குத் திருப்பாதீர்கள். மணிக்கு நீலம் தருவது கோபால்ட் உப்பு, அது நஞ்சு.